நாலாம் இழுப்பறை

எனக்கு எண்பத்தொரு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. நாத்தனார் போன பிறகு அவள் பிள்ளைகள் இரண்டும் என் கையால் சாப்பிட்டுத்தான் வளர்ந்தன. ஐந்தும் நன்றாக இருக்கின்றன. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கடைப் பலகை படிப்பேன், எழுத்துக்கூட்டிக் கடிதம் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் கிடையாது. நான் சொல்லச் சொல்ல, பேத்தி நித்யா கம்ப்யூட்டரில் அடிக்கிறாள்.

போன வாரம் டெல்லி கிட்வாய் நகர் குழாயடியில் இந்தி கற்றுக்கொண்டதைச் சொன்னேன். இந்த வாரம் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

குளிர் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை. மண்டபத்தில் நாற்காலிகளுக்கு வெள்ளை உறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஒருவர் ஏணி மேல் நின்று பேனர் கட்டிக்கொண்டிருந்தார். அதில் என் வீட்டுக்காரர் படம். மூக்குக்கண்ணாடி, பித்தான் வைத்த ஸ்வெட்டர், சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். பக்கத்தில் அவர் பெயர், இந்தியிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும். அந்தப் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. அவர்கள் மூன்று பாஷையில் எழுதியிருக்கிறார்களே, போதும்.

அவர் நினைவுச் சொற்பொழிவு பதினொரு மணிக்கு. நான் ஒன்பதரைக்கே முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எதுக்கு ஆச்சி இவ்ளோ ஜல்தி? டீ கூட வரல" என்றாள் நித்யா. துவாரகாவிலிருந்து காரோட்டி வந்தவள் அவள். தூக்கக் கலக்கம் போகவில்லை.

"ஸ்டெல்லா வந்துட்டாளான்னு பாரு. வந்தா ஆச்சி கூப்பிடுதான்னு சொல்லு."

ஸ்டெல்லாதான் அன்று பேசப் போகிறவள். அவள் மேடையேறிச் சொல்லப் போவது தப்பு என்று எனக்கு மட்டும் தெரியும். அந்தத் தப்பைச் செய்தவள் நான். மூன்று நாளாக அதை அவளிடம் சொல்லாமல் இருந்தேன்.

சீனாவாலா பாபுஜி

அவர் டெல்லிக்கு வந்தது குமாஸ்தாவாக. சீனாவோடு சண்டை முடிந்த சில வருஷத்தில், சீனப் பத்திரிகைகளைப் படித்துச் சொல்ல ஆபீசில் ஆள் தேவைப்பட்டது. சாயங்கால வகுப்பில் யார் சேருகிறீர்கள் என்று கேட்டார்களாம். இவர் ஒருவர்தான் கை தூக்கினாராம். ஏன் என்று கேட்டேன்.

"எழுத்து பாக்க நல்லா இருந்துச்சுளா" என்றார்.

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் பேச்சு கிளம்பியது. எதிர் வீட்டுப் பஞ்சாபி அம்மாள் ஒரு நாள் என்னை மடக்கி, "உங்க வீட்டுக்காரர் எந்தப் பக்கம்?" என்று இந்தியில் கேட்டாள்.

"இப்ப சமையலறைப் பக்கம். காபி கேட்டு நிக்கார்" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. பால்காரர் மட்டும் கடைசிவரை அவரைச் 'சீனாவாலா பாபுஜி' என்றே கூப்பிட்டார். இவருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

ஆபீசுக்கென்று படித்தது ஆளையே பிடித்துக்கொண்டது. பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பு எடுத்தார். வீட்டில் ஒரு அகராதிக்கு அட்டை எழுதத் தொடங்கினார். சீனச் சொல், அதற்குத் தமிழில் அர்த்தம். ஒரு சொல்லுக்கு ஒரு அட்டை. ஓரத்தில், எழுதிய தேதி. தச்சரைக் கூப்பிட்டுப் பதினேழு இழுப்பறை வைத்து ஒரு அலமாரி செய்தார். பீரோ வாங்க வேண்டும் என்று நான் இடம் விட்டு வைத்திருந்த சுவரில் அது வந்து நின்றது.

ஒவ்வொரு சீன எழுத்திலும் தலை என்று ஒரு பகுதி உண்டு. அந்தத் தலையில் எத்தனை கோடு என்று எண்ணி, அந்த எண் ஒட்டிய இழுப்பறையில் அட்டையை வைக்க வேண்டும். தலையை மட்டும் அவர் அட்டை மூலையில் சிவப்பு மையில் எழுதுவார். பென்சில் முனையால் கோடு கோடாகத் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவார். நான் கீரை ஆய்ந்துகொண்டே பார்த்துக்கொண்டிருப்பேன்.

வருஷத்துக்கு ஒரு காலை

அவர் போய் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. போன அடுத்த வருஷமே அவர் மாணவர்கள் சேர்ந்து இந்தச் சொற்பொழிவைத் தொடங்கினார்கள். சீனாவைப் பற்றி, அந்த ஊர்ப் படிப்பைப் பற்றி, பெரிய பெரிய ஆட்கள் வந்து பேசுவார்கள். யாரும் கேட்கலாம், டிக்கெட் கிடையாது. கடைசியில் நான் மேடையேறிச் சால்வை போடுவேன். அது ஒன்றுதான் என் வேலை.

பேச்சு ஆங்கிலத்தில். எனக்குப் புரியாது. ஆனால் ஒரு வருஷமும் நான் வெறுங்கையோடு திரும்பியதில்லை. ஒரு முறை காகிதம் செய்வதைப் பற்றி ஒருவர் பேசினார். கையால் செய்த காகிதத்தை வரிசையாகக் கொடுத்து எல்லோரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெயிலில் காய்ந்த வாழைச் சருகு போல இருந்தது. இன்னொரு முறை ஒரு சீனப் பெரியவர் வந்தார். நான் சால்வை போட்டதும் இரண்டு கையையும் நீட்டி, குனிந்து என்னைக் கும்பிட்டார். என் சம்பந்திமார் ஒருவர்கூட அப்படிக் கும்பிட்டதில்லை.

ஒரு வருஷம் ஒரு அம்மாள் திரையில் உடைந்த பீங்கான் ஓடுகளைக் காட்டினாள். நம் கடற்கரையில் தோண்டி எடுத்ததாம். கப்பலில் வந்ததாம். கூட்டம் முடிந்ததும் அவளிடம் போய், என் மாமியார் ஊறுகாய் போட்ட ஜாடிக்கும் நாங்கள் சீனா ஜாடி என்றுதான் சொல்வோம் என்றேன். நித்யா மொழிபெயர்த்தாள். அந்த அம்மாள் நோட்டுப் புத்தகத்தை எடுத்து அதை எழுதிக்கொண்டாள். மூன்றாம் வகுப்புக்காரி சொன்னதை ஒரு புரொபசர் எழுதிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

ஆந்தி வந்த மதியம்

டெல்லியில் கோடையில் ஆந்தி என்று ஒன்று வரும். புழுதிக் காற்று. வானம் மஞ்சளாகும், அடுத்த நிமிஷம் கண்ணைத் திறக்க முடியாது.

என் மூத்தவன் பத்தாவது பரீட்சை எழுதிய வருஷம். அவர் ஆபீஸ் வேலையாக ஒரு மாதம் கல்கத்தா போயிருந்தார். இழுப்பறையைத் துடைக்கப் போனால், அட்டைகளுக்குள் ராமபாணப் பூச்சி ஓடுகிறது. அவர் வரும்வரை விட்டால் அரித்துவிடும். வெயிலில் போட்டால் பூச்சி போய்விடும் என்று நினைத்தேன். வற்றல் காயவைக்கிற புத்தி. மாடிக்குக் கட்டிலைத் தூக்கிப் போய், வேட்டி விரித்து, அத்தனை அட்டையையும் பரப்பினேன். எந்த அறையில் இருந்தது எது என்று பார்த்தா பரப்பினேன்? இல்லை.

ஆந்தி வந்தது.

நான் ஓடி ஏறுவதற்குள் அட்டைகள் பறந்துகொண்டிருந்தன. பார்க் முழுக்க, வேப்பமரத்தில், அடுத்த பிளாக் பால்கனியில். குவார்ட்டர்ஸ் முழுக்க இறங்கி வந்து பொறுக்கினார்கள். தமிழ், பஞ்சாபி, வங்காளி என்று இல்லை. எந்தப் பக்கம் என்று கேட்ட அந்த எதிர் வீட்டு அம்மாள், துப்பட்டா நிறைய அட்டை கொண்டுவந்து என் தரையில் கொட்டினாள். கொட்டிவிட்டு, அவள் வீட்டுப் பிள்ளைகளை மறுபடி அனுப்பினாள். அவள் இப்போது இல்லை. அந்த நன்றியை நான் அவளிடம் சரியாகச் சொல்லவும் இல்லை.

பிறகு நான் உட்கார்ந்தேன். சிவப்பு மையைப் பார்ப்பேன், கோட்டை எண்ணுவேன், எண் பார்த்து வைப்பேன். எண் எனக்குப் படிக்கத் தெரியும். வளைந்து நெளிந்து வருகிற எழுத்துகளுக்கு அவர் பென்சில் எப்படிப் போகும் என்று நினைவுபடுத்தி எண்ணினேன். கட்டமாக வருகிற எழுத்துக்கு மட்டும் யோசிக்கவே இல்லை. வாசலில் கோலம் போடுகிறவளுக்குக் கட்டம் தெரியாதா? கட்டம் என்றால் நாலு கோடு. பதினொரு நாள் ஆனது.

அவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். மூன்றாம் இழுப்பறையைத் திறந்தார், மூடினார். நாலாவதைத் திறந்தார். ஒரு அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்தார்.

"ஏளா, இதையெல்லாம் நீயா அடுக்குன?"

"வேற யாரு இருக்கா?"

"நல்லாத்தான் அடுக்கியிருக்கே" என்றார். "காபி கொண்டா."

அந்த ஒரு வார்த்தையை நான் எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கில்லை. சீன எழுத்தை ஒரு பிசகு இல்லாமல் அடுக்கினவள் என்று.

புதன்கிழமை முறுக்கு

ஸ்டெல்லா தூத்துக்குடிப் பிள்ளை. முனிர்காவில் ஒரு மாடி அறையில் இருக்கிறாள். சீனப் படிப்பில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டாள், வேலை இன்னும் அமையவில்லை. இரண்டு வருஷமாக எங்கள் துவாரகா வீட்டுக்கு வந்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். அட்டைகள் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போக வேண்டும் என்று அலைந்து ஏற்பாடு செய்தவளும் அவள்தான். இந்த வருஷம் அவளையே பேசக் கூப்பிட்டார்கள். இவ்வளவு சின்ன வயதில் யாரையும் அந்த மேடைக்குக் கூப்பிட்டதில்லை. அவளுக்கு வேலை கொடுக்கக்கூடியவர்கள் எல்லோரும் கீழே உட்கார்ந்திருப்பார்கள்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, புதன்கிழமை, வந்தாள். முறுக்கு வைத்தேன்.

"ஆச்சி, நான் என்ன பேசப் போறேன்னு உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லுதேன்" என்று பேப்பர் ஓரத்தில் ஒரு கட்டம் வரைந்தாள். "இதுக்கு வாய்னு அர்த்தம். எத்தனை கோடு?"

"நாலு."

"அதாம் இல்ல. மூணு." மறுபடி மெதுவாக வரைந்தாள். இடது பக்கம் ஒரு கோடு. மேல் கோடு போய், பேனாவை எடுக்காமல் அப்படியே வலது பக்கம் இறங்கியது. கீழே ஒன்று. "மடங்குனாலும் ஒரே கோடுதான். உலகத்துல எந்த அகராதியிலயும் வாய் மூணுலதான் இருக்கும். தாத்தா மட்டும் நாலுல வச்சிருக்காங்க. சூரியன், கண்ணு, வயல், கட்டமா வர்ற எல்லாத்தையும் ஒரு டிராயர் தள்ளி வச்சிருக்காங்க. அவ்ளோ பெரிய அறிவாளி தெரியாமலா வச்சிருப்பாங்க? இது தாத்தாவோட கொள்கை ஆச்சி. ஒரு தமிழர் அந்த எழுத்தை வீடு மாதிரி, நாலு சுவரா பாத்திருக்காங்க. சீனாக்காரங்களே இப்படி யோசிக்கல. என் பேச்சு முழுக்க இதான்."

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"இன்னொரு முறுக்கு எடுத்துக்கோ" என்றேன்.

அது நான் அடுக்கியது என்று ஏன் சொல்லவில்லை? அவர் பெயருக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இத்தனை பெரிய மனிதர் படிக்காத பெண்டாட்டி கையில் அட்டையை விட்டார் என்று ஆகிவிடுமே. அது பாதி. மீதிப் பாதி என் பெயருக்காக. இத்தனை வருஷம் பிசகில்லாமல் அடுக்கினவள் என்று சொல்லித் திரிந்தவள் நான்.

வெள்ளிக்கிழமை சால்வையை இஸ்திரி போடும்போதுதான் புத்தி வந்தது. இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு ஒருவன் கண்டுபிடிப்பான். அப்போது சிரிப்பு அவர் மேல் வராது, என் மேலும் வராது. அந்தப் பிள்ளை மேல்தான் வரும்.

டீ வருவதற்கு முன்

பத்து மணிக்கு ஸ்டெல்லா வந்தாள். பட்டுச் சேலை, கையில் லேப்டாப், முகத்தில் பயம். மேடைக்குப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினேன். நித்யாவும் உள்ளே வந்தாள்.

"எம்மா, அது அவர் கொள்கை இல்ல. நான் வச்சது" என்று ஆரம்பித்து, பூச்சி, கட்டில், ஆந்தி, கட்டம், எல்லாவற்றையும் சொன்னேன்.

தண்ணீர் பாட்டில் அடுக்கிய அட்டைப்பெட்டி மேல் அவள் அப்படியே உட்கார்ந்தாள்.

"இருபது பக்கம் ஆச்சி. அதுல பதினாலு பக்கம் இதான்."

"தெரியும்."

"புதன்கிழமையே சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருக்கலாம். வீம்பு. சொல்லல. அதையும் சேத்துத் தப்பு ரெண்டு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள்.

"அந்தக் காத்து எந்த வருஷம்?"

"என் மூத்தவன் பத்தாவது எழுதுன வருஷம்."

"பெரியப்பா டென்த்தா? ஏக் மினிட்" என்று நித்யா விரல் விட்டு எண்ணி வருஷத்தைச் சொன்னாள்.

ஸ்டெல்லா லேப்டாப்பைத் திறந்தாள். நாலாம் இழுப்பறைப் படங்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஓடின. ஓரத்தில் அவர் கையால் எழுதிய தேதிகள். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"ஆச்சி" என்றாள் மெதுவாக. "இந்தக் கட்டக் கார்டுல பாதிக்கு மேல அந்தக் காத்துக்கு அப்புறம் எழுதுனது. இது நீங்க வச்சது இல்ல. தாத்தா வச்சது."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"தாத்தாவுக்கு மூணுன்னு தெரியும். வந்த அன்னைக்கே பாத்திருப்பாங்க. மாத்தல. அதுக்கப்புறம் எழுதுன ஒவ்வொரு கட்டத்தையும் உங்க கணக்குப்படி ஒரு டிராயர் தள்ளியே வச்சிருக்காங்க. கடைசிக் கார்டு வரைக்கும்."

பக்கத்தில் இன்னொரு பெட்டி இருந்தது. நானும் அதில் உட்கார்ந்தேன். வெளியே டீ வந்துவிட்டது. கிளாஸ் சத்தம் கேட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"ஆச்சி, இதைச் சொல்லட்டா? வேண்டாம்னா மத்த ஆறு பக்கத்தை வச்சு ஒப்பேத்திருவேன்."

அந்த மண்டபத்தில் இத்தனை வருஷமாக என்னை அவருடைய மனைவி என்றுதான் சொல்வார்கள். எனக்கு ஒரு பெயர் இருப்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது.

"சொல்லு. கோமதியம்மாள்னு பேரைச் சொல்லியே சொல்லு" என்றேன்.

ஒரு வெள்ளைத் தாடிக்காரர்

அவள் பேசினாள். பேப்பர் இல்லாமல் பேசினாள். திரையில் கட்டத்தை வரைந்து காட்டினாள். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். நித்யா என் காதில், "உன்ன இல்ல ஆச்சி. முறுக்கு குடுத்து வாயை அடைச்சியே, அதைச் சொல்றா" என்றாள். பிறகு ஸ்டெல்லா தேதிகளைக் காட்டினாள். சிரிப்பு நின்றுவிட்டது. ஆங்கிலத்துக்கு நடுவே என் பெயர் வந்தது. மூன்று முறை வந்தது. நான் எண்ணினேன்.

கேள்வி நேரத்தில் பின்னாலிருந்து ஒரு சர்தார்ஜி எழுந்தார். வெள்ளைத் தாடி, கைத்தடி. என் வீட்டுக்காரருடைய பழைய மாணவர். நல்லவேளை, இந்தியில் பேசினார். அது எனக்கு நேராகவே புரிந்தது.

"எனக்குக் கேள்வி இல்லை. நாங்கள் சார் வீட்டுக்கு அட்டை பார்க்கப் போவோம். முதல் நாளே சொல்லிவிடுவார், பெட்டி எழுத்து என்றால் ஒரு இழுப்பறை தள்ளிப் பார் என்று. ஏன் சார் என்று ஒருவன் கேட்டான். 'யே கர் கா காயதா ஹை' என்றார். இது இந்த வீட்டுச் சட்டம். அதற்கு மேல் கேட்டால் வகுப்பு கிடையாது."

கூட்டம் கை தட்டியது. நான் மடியில் இருந்த சால்வையை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

அத்தனை மாணவர்களும் என் கையால் காபி குடித்தவர்கள். ஒருவர்கூட என்னிடம் மூச்சு விட்டதில்லை. அவரும்தான். திட்டியிருந்தால் இரண்டு நாள் அழுதிருப்பேன். அவர் தன் கையை ஒரு இழுப்பறை தள்ளி வைத்துக்கொண்டு, என்னைத் தலை நிமிர்த்தி நடக்கவிட்டார். இதற்கு நன்றி சொல்ல எனக்கு மூன்றாம் வகுப்புத் தமிழ் போதாது.

ஸ்டெல்லாவுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். இன்னும் தெரியாது. நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அன்று முதல் வரிசையில் இருந்த ஒரு பெரியவர், கையில் இருந்த பேச்சைக் கிழித்துவிட்டு உண்மையைப் பேசுவது லேசில்லை என்று அவளிடம் சொன்னாராம். அதை அவள் என்னிடம் போனில் நாலு தரம் சொன்னாள்.

ஊர்ப் பிள்ளைகளுக்கு

அட்டைகளை எடுத்துப் போக வண்டி வருவதற்கு முன் ஸ்டெல்லா கேட்டாள்.

"ஆச்சி, நாலுலயே விட்டுருவோமா? இப்போ அதுவும் ஒரு சரித்திரம்தானே. ஒரு குறிப்பு எழுதி வச்சிருதேன்."

ஒரு நாள் முழுக்க யோசித்தேன். விட்டுவிடத்தான் ஆசை. ஆனால் எனக்காக ஒரு அறை தள்ளித் தேடிய மனிதர் இப்போது இல்லை. இனிமேல் தேடப் போகிறவர்கள் ஊர்ப் பிள்ளைகள். அவர்களுக்கு எதற்கு எங்கள் வீட்டுச் சட்டம்?

"மாத்தணும். நான்தான் மாத்துவேன்" என்றேன்.

சாப்பாட்டு மேஜையைக் காலி செய்தோம். மகன் அலுவலகத்திலிருந்து வந்து, தட்டை எங்கே வைக்க என்று கேட்டு, நின்றுகொண்டே சாப்பிட்டான். நித்யா அட்டையை நீட்டுவாள். நான் மேஜை மேல் விரலால் வரைவேன். இடது பக்கம் ஒன்று. மேலே போய், எடுக்காமல் இறங்கி, ஒன்று. கீழே ஒன்று. மூன்று. இந்தத் தடவை ஒன்பது நாள் ஆனது. கடைசி அட்டையையும் மூன்றாம் இழுப்பறையில் வைத்து நானே தள்ளி மூடினேன்.

அவ்வளவுதான் நித்யா. அடித்தது போதும். இப்போது முதலிலிருந்து எனக்குப் படித்துக் காட்டு. ஜல்தி வேண்டாம், எழுத்துக்கூட்டிப் படித்தாலும் பரவாயில்லை. எங்கேயாவது என் தப்பை நான் சின்னதாக்கிச் சொல்லியிருந்தால், அந்த இடத்தில் நிறுத்து. திருத்திவிடலாம்.